மெத்தனால் தின்னும் நொதியும் இத்தாலிச் சேற்றுத் தண்ணீரும்

கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தபோது எங்களுக்கு ஒரு செய்முறை உண்டு. தோட்டத்துக்குப் போய் ஏதாவது ஓர் இலையைப் பறித்து வர வேண்டும். நான் அவரை இலை பறித்து வந்தேன். ஆய்வகத்தில் அகார் ஊற்றி உறைய வைத்த பெட்ரித் தட்டுகள் தயாராக இருக்கும். அந்த அகாரில் சர்க்கரை கிடையாது. கொஞ்சம் உப்புகள், பூஞ்சை வளராமல் தடுக்க ஒரு மருந்து, சாப்பாட்டுக்கு மெத்தனால், அவ்வளவுதான். இலையின் அடிப்பக்கத்தை அகார் மேல் மெதுவாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுத்துவிட வேண்டும். அப்புறம் தட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஐந்தாறு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். சும்மா சிதறிக் கிடக்கவில்லை, அவரை இலையின் உருவத்திலேயே நின்றன. விளிம்பு தெரிந்தது, நடு நரம்பு ஓடும் இடம்கூடத் தெரிந்தது. ரோஜாப்பூப் பொடியைத் தொட்டு யாரோ இலையின் அச்சு எடுத்த மாதிரி. பக்கத்து மேசைத் தோழி பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மெத்தனால் விஷம்தானே? அதைத் தின்னுட்டு இது எப்படிச் சாகாம இருக்கு?”

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்தான். பதிலின் பெயர் மெத்தனால் டீஹைட்ரஜனேஸ், ஒரு நொதி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ‘டீ’ என்றால் நீக்குவது, நடுவில் இருப்பது ஹைட்ரஜன், கடைசியில் வரும் ‘ஏஸ்’ நொதிகளுக்கு வைக்கும் வால். மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் நொதி என்று பெயரிலேயே வேலை எழுதியிருக்கிறது.

தோழி சொன்ன விஷம் நமக்குத் தெரிந்ததுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயம் குடித்து இறந்தார்கள். அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பக்கம் நடந்ததும் இதே கதைதான். ஆனால் மெத்தனாலே நேரடியாக ஆளைக் கொல்வதில்லை. அது வயிற்றுக்குள் போனதும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைப் பிடித்து ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. இந்த அமிலம்தான் செல்லின் மூச்சை நிறுத்துகிறது, பார்வை நரம்பைக் கெடுக்கிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்துக் கண் மங்குவதற்கு இதுதான் காரணம். கல்லீரல் மெல்ல மெல்ல விஷத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் கொடுக்கும் மாற்று மருந்துகூட மெத்தனாலை வெளியேற்றுவதற்காக அல்ல, அந்தக் கல்லீரல் நொதியின் கையைக் கட்டிப் போடுவதற்காகத்தான். ஃபோமெபிசோல் என்ற மருந்து அதைச் செய்யும். அது இல்லாத இடத்தில் எத்தனால், அதாவது குடிக்கும் சாராயம், அதே வேலைக்குப் பயன்படுகிறது. நொதிக்கு எத்தனால்மேல்தான் ஆசை அதிகம். அதைப் பிடித்துக்கொண்டு மெத்தனாலை விட்டுவிடும்.

இலைமேல் இருக்கும் பாக்டீரியாவும் அதே முதல் படியைத்தான் செய்கிறது. மெத்தனால் உள்ளே, ஃபார்மால்டிஹைடு வெளியே. நம்மைக் கொல்லும் வேதிவினையை அது தினம் மூன்று வேளையும் செய்து பிழைக்கிறது.

முதலில் ஒரு சின்ன வேதியியல். மெத்தனால் மூலக்கூறில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், நான்கு ஹைட்ரஜன். ஃபார்மால்டிஹைடில் கார்பனும் ஆக்சிஜனும் அப்படியே இருக்க, ஹைட்ரஜன் இரண்டுதான். போன இரண்டு ஹைட்ரஜனோடு இரண்டு எலக்ட்ரான்களும் போயிருக்கின்றன. எலக்ட்ரானை இழப்பதைத்தான் ஆக்சிஜனேற்றம் என்கிறோம். பெயரில் ஆக்சிஜன் இருப்பதால் ஆக்சிஜன் வந்து ஒட்ட வேண்டும் என்று பள்ளியில் நினைத்துக்கொள்வோம், அது கட்டாயமில்லை. விறகு எரிவதும் ஆக்சிஜனேற்றம், இதுவும் ஆக்சிஜனேற்றம். விறகில் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்து வெப்பமாகப் போய்விடுகிறது. செல்லுக்குள் அது படிப்படியாக நடக்கிறது, ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எலக்ட்ரானை வீணாக்காமல் பிடித்து வேலை வாங்கிக்கொள்ள முடிகிறது.

எலக்ட்ரானைச் சும்மா பிடுங்கிக் காற்றில் விட முடியாது, யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கல்லீரல் நொதிக்கு அந்த வாங்கும் ஆள் என்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறு. உயிரியல் படித்தவர்கள் எல்லோரும் பார்த்துச் சலித்த பெயர் அது. எனவே 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் ஆன்டனி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய வழிகாட்டி லியனார்ட் சாட்மனும் மெத்தனால் தின்னும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவை உடைத்து நொதியைத் தேடியபோது, அங்கேயும் என்.ஏ.டி.தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இல்லை. என்.ஏ.டி. ஊற்றினால் நொதி ஒன்றும் செய்யவில்லை. செயற்கைச் சாயம் ஒன்றை ஊற்றினால் வேலை செய்தது. அதுவும் சும்மா செய்யவில்லை. கரைசல் நன்றாகக் காரத்தன்மையோடு, பி.எச். 9 அளவில் இருக்க வேண்டும். கூடவே அம்மோனியா வேண்டும். மெத்தனாலைத் தின்ன அம்மோனியா எதற்கு என்று கேட்டால் சோதனைக்குழாய்க்கு வெளியே அதற்கு அர்த்தமே இல்லை. நொதிகளுக்கும் சில பெரிய மனிதர்களுக்கு இருப்பது போல வீம்பு உண்டு.

இந்தச் சோதனை பார்க்க அழகானது. டி.சி.பி.ஐ.பி. என்றொரு சாயம், நல்ல நீல நிறம். நொதி, மெத்தனால், அம்மோனியா, இடையில் எலக்ட்ரானைக் கடத்த இன்னொரு பொருள், எல்லாம் கலந்த கண்ணாடிக் குப்பியில் இந்தச் சாயத்தை விடுவார்கள். நொதி மெத்தனாலிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிச் சாயத்திடம் கொடுக்கக் கொடுக்க நீலம் வெளிறும். கருவி ஒளியின் அளவைக் குறிக்கும், கண்ணாலும் பார்க்கலாம். துணிக்கு நீலம் போட்ட வாளியில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் எப்படி வெளுத்துப் போகுமோ அப்படி. எவ்வளவு வேகமாக வெளிறுகிறதோ அவ்வளவு வேகம் நொதிக்கு.

1964-இல் ஆன்டனியும் சாட்மனும் நொதியைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒட்டியிருக்கும் துணைப்பொருள் அதுவரை தெரிந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டு வேறொரு பாக்டீரியாவின் குளுக்கோஸ் நொதியில் ஹௌகே என்பவரும் இதே போன்ற புதிரைப் பார்த்தார். அது என்ன என்று முழுசாகத் தெரிய 15 வருடம் ஆனது. 1979-இல்தான் ஓல்கா கென்னார்டு உள்ளிட்ட ஒரு குழு அதைப் படிகமாக்கி எக்ஸ்-கதிர் மூலம் அதன் உருவத்தைக் கண்டது. மெத்தாக்ஸாடின் என்று பெயர் வைத்தார்கள். இப்போது எல்லோரும் சொல்வது பைரோலோகுவினோலின் குவினோன். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் பி.க்யூ.க்யூ. என்று சுருக்கிவிட்டார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பி.க்யூ.க்யூ. மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான ஒரு மூலக்கூறு. இரண்டு எலக்ட்ரான்களை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். பாக்டீரியா இந்த மூலக்கூறைத் தயாரிக்கும் விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். இதற்கென்றே ஒரு குட்டிப் புரதத்தைச் செய்து, அதிலிருக்கும் குளுட்டமிக் அமிலம் ஒன்றையும் டைரோசின் ஒன்றையும் தைத்து இணைத்து, மிச்சத்தை வெட்டி எறிந்துவிடுகிறது. சட்டைத் துணி முழுக்க நெய்துவிட்டு பாக்கெட் மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது போல. (இந்த பி.க்யூ.க்யூ.வை மாத்திரையாகவும் விற்கிறார்கள். மனிதர்களுக்கு அது வைட்டமின் என்று 2003-இல் ஜப்பானிலிருந்து ஒரு கூற்று வந்தது, மற்ற ஆய்வாளர்கள் அதை ஏற்காமல் மறுத்தார்கள். நான் வாங்க மாட்டேன்.)

சரி, நொதிக்குள் பி.க்யூ.க்யூ. எங்கே உட்கார்ந்திருக்கிறது? நொதியின் பெரிய பகுதியை மேலிருந்து பார்த்தால் வாசலில் போடும் எட்டிதழ்த் தாமரைக் கோலம் மாதிரி இருக்கும். எட்டு இதழ்கள், நடுவில் ஒரு குழி. அந்த நடுவில்தான் பி.க்யூ.க்யூ. கீழே தரைபோல டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் தட்டை வளையம். மேலே மூடிபோல, அடுத்தடுத்து இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு கந்தகத்தால் கைகோத்து உருவாக்கிய ஒரு வளையம். பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிஸ்டீன்கள் அப்படிக் கைகோப்பது புரதங்களில் மிகவும் அரிது. இந்தத் தரைக்கும் மூடிக்கும் நடுவில், இரண்டு தட்டுக்கு இடையில் வைத்த அப்பளம் போல, பி.க்யூ.க்யூ. அசையாமல் கிடக்கிறது.

அதன் பக்கத்தில் ஓர் உலோக அணு. எல்லாப் பாடப்புத்தகங்களும் பல வருடம் அதைக் கால்சியம் என்றே எழுதின. அது பி.க்யூ.க்யூ.வின் ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப் பிடித்து இழுப்பதால் அருகிலுள்ள கார்பனுக்கு எலக்ட்ரான் பசி எடுக்கிறது. மெத்தனால் அந்தக் குழிக்குள் வந்ததும், பக்கத்தில் நிற்கும் ஆஸ்பார்டிக் அமிலம் ஒரு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள, பசித்த கார்பன் மற்றொரு ஹைட்ரஜனை எலக்ட்ரான்களோடு இழுத்துக்கொள்கிறது. மெத்தனாலாக வந்தது ஃபார்மால்டிஹைடாக வெளியே போகிறது. வேலையின் சூட்சுமம் எல்லாம் அந்த உலோகத்தின் இழுப்பில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி எலக்ட்ரான்களின் பயணம். வீடு கட்டும் இடத்தில் செங்கல்லை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அதேதான். பி.க்யூ.க்யூ. தன்னிடம் உள்ள இரண்டு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக சைட்டோகுரோம் என்ற இரும்புப் புரதத்திடம் கொடுக்கும். அது அடுத்த சைட்டோகுரோமிடம். கடைசியில் நிற்பவர் ஆக்சிஜன், எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிவிடுவார். இந்தக் கைமாற்றலின்போது ஹைட்ரஜன் அயனிகள் செல்லுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும்போது ஏ.டி.பி. கிடைக்கிறது. செல்லுக்கு அது கையிருப்புப் பணம். வழக்கமான உணவிலிருந்து வரும் எலக்ட்ரான் வரிசையின் முதல் ஆளிடமிருந்து கிளம்பும். மெத்தனாலின் எலக்ட்ரான் பாதி வழியில் வரிசைக்குள் நுழைகிறது. அதனால் கிடைக்கும் காசும் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் ஏழைகள்தான்.

இவ்வளவும் நடப்பது செல்லின் உள்ளே இல்லை. இந்த வகைப் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு சந்து, பெரிபிளாசம் என்று பெயர். வீட்டுக்குள் சமைக்காமல் வெளித் திண்ணையில் அடுப்பு மூட்டுவது போல, நொதி அந்தச் சந்தில்தான் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு சாதாரணச் சரக்கில்லை. தவளையையும் பாம்பையும் கண்ணாடி ஜாடியில் பதப்படுத்தி வைக்கும் ஃபார்மலின் அதன் கரைசல்தான். புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டு ஒன்றோடொன்று பின்னிவிடும். அதனால் அது செல்லுக்குள் நுழைந்ததும் காத்திருக்கும் ஒரு நொதி உடனே அதைப் பிடித்து ஒரு துணை மூலக்கூறோடு கட்டிவிடுகிறது. அப்புறம் மெதுவாக அதை ஃபார்மிக் அமிலமாகவும், பாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும், மீதியைத் தன் உடம்பாகவும் மாற்றிக்கொள்கிறது. தோழியின் கேள்விக்கு இதுதான் சரியான பதில். அதற்கு விஷம் ஏறாமலில்லை. விஷத்தைப் பிடிக்கும் கை அங்கே வேகமாக இருக்கிறது, நம் கல்லீரலில் ஃபார்மிக் அமிலத்தை அகற்றும் கை மெதுவாக இருக்கிறது.

இலைக்கு மெத்தனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லையே. எல்லாச் செடியும் மெத்தனால் விடும். செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளில் மீத்தைல் தொங்கல்கள் உண்டு. இலை வளரும்போது சுவரை நெகிழ்த்தவும் மறுபடி இறுக்கவும் அந்தத் தொங்கல்களை ஒரு நொதி கத்தரித்துவிடும், அவை மெத்தனாலாக வெளியேறும். இளம் இலை அதிகம் விடும். இரவில் மூடியிருந்த இலைத்துளைகள் காலையில் திறக்கும்போது, தேங்கிய மெத்தனால் ஒரு மூச்சாக வெளியே வருகிறது. அந்தத் துளைகளின் அருகே இளஞ்சிவப்புப் பாக்டீரியாக்கள் காத்துக்கொண்டிருக்கும். காலை டீக்கடை வாசல் கூட்டம்தான்.

தமிழ்நாட்டு விவசாயிகள் சிலர் இந்தப் பாக்டீரியாவைப் பாட்டிலில் வாங்கித் தெளிக்கவும் செய்கிறார்கள். இளஞ்சிவப்பு நிறமுடைய மெத்திலோபாக்டீரியம், பி.பி.எஃப்.எம். என்று வேளாண் துறை ஆட்கள் சொல்வார்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சி காலத்தில் இலைவழியாகத் தெளிக்கப் பரிந்துரைக்கும் உயிர் உரங்களில் இதுவும் ஒன்று. செடியிடமிருந்து மெத்தனாலை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளை அது தருகிறது. வாட்டம் வரும்போது செடியில் உருவாகும் எத்திலீன் வாயுவையும் மட்டுப்படுத்துகிறது. உயிருள்ள பொருள் என்பதால் பூச்சிமருந்தோடு கலந்து அடிக்காமல், வெயில் தாழ்ந்த நேரத்தில் அடிப்பது நல்லது.

இதுவரை சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அது என்னுடையதல்ல, புத்தகங்களுடையது.

நொதிக்கு எம்எக்ஸ்ஏஎஃப் என்ற மரபணு காரணம். ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான மெத்திலோபாக்டீரியம் எக்ஸ்டார்க்வென்ஸ் என்ற பாக்டீரியாவில் அதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு மரபணுவும் இருப்பது தெரிய வந்தது. எக்ஸ்ஓஎக்ஸ்எஃப் என்று பெயர். (இந்தப் பாக்டீரியா கிடைத்த விதமும் வேடிக்கை. 1960 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் மெத்திலமைன் வைத்த ஊடகத்தில் காற்றிலிருந்து விழுந்து வளர்ந்த அசுத்தம் இது. ஏ.எம்.1 என்று பெயர் வைத்து வைத்துக்கொண்டார்கள், இன்றும் அதே வித்துதான் உலகம் முழுக்க ஓடுகிறது.) மற்ற பல பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளைப் படிக்கப் படிக்க எக்ஸ்ஓஎக்ஸ்எஃப் எங்கும் இருந்தது, எம்எக்ஸ்ஏஎஃப் அவ்வளவு இடங்களில் இல்லை. ஆனால் அந்தப் புரதத்தை எடுத்துச் சோதித்தால் சோம்பேறியாக இருந்தது. மெத்தனாலை ஏறக்குறையத் தொடவே இல்லை. அதனால் அது ஏதோ ஒழுங்குபடுத்தும் வேலை செய்யும் அண்ணன் தம்பி என்று தள்ளி வைத்தார்கள்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே பொட்சுவோலி என்ற ஊர். அங்கே சோல்ஃபதாரா எரிமலைப் பள்ளம். கந்தக நாற்றத்தோடு ஆவி கிளம்பும், சேற்றுக் குழிகள் சாம்பார் கொதிப்பது போலக் குமுறும். அந்தச் சேறு அவ்வளவு அமிலம், பி.எச். 1 வரைக்கும் இறங்கும். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்து ஆர்ஜன் பால், ஹூப் ஆப் டென் காம்ப் குழுவினர் அந்தச் சேற்றிலிருந்து மீத்தேனைத் தின்னும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். 2007-இல் அதை அறிவித்தார்கள். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவும் முதலில் அதை மெத்தனாலாக்கித்தான் பிறகு எரிக்கும். எனவே இங்கேயும் நம் நொதி வேண்டும்.

வளர்ப்பதில்தான் தலைவலி. உப்பு, வெப்பம், மீத்தேன், எல்லாம் சரியாகக் கொடுத்தாலும் பாக்டீரியா அசையவில்லை. சோல்ஃபதாரா சேற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தால் மட்டும் செழித்து வளர்ந்தது. அதற்காக இத்தாலியிலிருந்து சேற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்துகொண்டே இருக்க முடியுமா? தண்ணீரில் இருக்கும் ரகசியப் பொருள் என்ன என்று தேடினார்கள். அது லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம் என்ற வரிசை. அருமண் தனிமங்கள், வேதியியலில் லாந்தனைடுகள் என்பார்கள். தூய உப்பாகச் சில மைக்ரோமோலார், அதாவது துளியூண்டு, போட்டதும் சேற்றுத் தண்ணீர் இல்லாமலே பாக்டீரியா வளர்ந்தது.

அந்தப் பாக்டீரியாவில் எம்எக்ஸ்ஏஎஃப் கிடையாது, ‘சோம்பேறி’ எக்ஸ்ஓஎக்ஸ்எஃப் மட்டும்தான். 2014-இல் வெளியான கட்டுரையில் அந்த நொதியின் படிகத்தையும் காட்டினார்கள். பி.க்யூ.க்யூ.வின் பக்கத்தில், கால்சியம் உட்கார வேண்டிய நாற்காலியில் சீரியம் இருந்தது.

உலோகத்தின் இழுப்பு என்று முன்பு சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. கால்சியம் அயனிக்கு இரண்டு மின்னூட்டம், லாந்தனைடு அயனிக்கு மூன்று. மூன்று மின்னூட்டக்காரர் பி.க்யூ.க்யூ.வின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாக இழுக்க, அந்தக் கார்பனின் பசியும் அதிகமாகிறது. நொதி இந்த விருந்தாளிக்காகவே இடத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறது. எக்ஸ்ஓஎக்ஸ்எஃப் நொதியில் உலோகத்தை ஒட்டி ஓர் ஆஸ்பார்டிக் அமிலம் கூடுதலாக உண்டு. அதன் எதிர்மின்னூட்டம் அந்த மூன்றாவது மின்னூட்டத்தைச் சமன் செய்யும். எம்எக்ஸ்ஏஎஃப்-இல் அந்த இடத்தில் அலனின், மின்னூட்டம் எதுவும் இல்லாத சாதுப் பிள்ளை. இதில் இன்னொரு சுகமும் இருக்கிறது. கால்சிய நொதிக்கு அம்மோனியா வேண்டும், பி.எச். 9 வேண்டும் என்று வீம்பு பிடித்ததல்லவா, சோல்ஃபதாரா நொதி அம்மோனியா இல்லாமலே, நடுநிலையான கரைசலிலேயே வேலை செய்தது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குச் சில வருடம் முன்பே, 2011 வாக்கில், லாந்தனம் போட்டால் சில பாக்டீரியாக்களின் மெத்தனால் நொதி கிளம்புகிறது என்று காட்டிவிட்டார்கள். அடுத்து ஏ.எம்.1-லும் அதே கதை என்று தெரிந்தது. அந்தச் சோம்பேறிப் பிள்ளையிடம் குறை இல்லை, உலகெங்கும் ஆய்வகங்களின் ஊடகத்தில் கால்சியம் இருந்தது, லாந்தனம் இல்லை. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் தந்துவிட்டு அடுப்பில் கேஸ் இணைக்காமல், ஏன் சமைக்கவில்லை என்று கேட்ட கதை.

ஏ.எம்.1-க்கு இரண்டு அடுப்பும் உண்டு என்பதால் அது நடந்துகொள்ளும் விதம் சுவாரசியமாக இருக்கிறது. லாந்தனம் மிகச் சிறிய அளவில், நானோமோலார் கணக்கில் இருந்தால்கூட, கால்சிய நொதியின் மரபணுவை அடைத்துவிட்டு லாந்தனம் நொதிக்கு மாறிவிடுகிறது. லாந்தனம் தீர்ந்தால் மறுபடி பழைய அடுப்பு. இந்த ‘சுவிட்ச்’ எப்படி உலோகத்தை உணர்கிறது என்பதில் இன்னும் வேலை நடக்கிறது. மெத்தனால் மட்டும் என்றில்லை. எத்தனால் போன்ற பிற ஆல்கஹால்களையும் எரிக்கும் பி.க்யூ.க்யூ. நொதிகளிலும் இந்த ஜோடி இருக்கிறது. மண்ணில் வாழும் சூடோமோனாஸ் புடிடாவில் கால்சியம் வைத்த ஒன்று, லாந்தனைடு வைத்த ஒன்று என்று இரண்டு நொதிகள் ஒரே வேலையைப் பார்க்கின்றன.

எல்லா பி.க்யூ.க்யூ. நொதியும் இவ்வளவு தூரம் போவதில்லை. இறக்கிய கள் அடுத்த நாளே புளித்துக் காடியாவது, அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் சவ்வில் ஒட்டியிருக்கும் பி.க்யூ.க்யூ. கொண்ட ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்குவதால்தான். அதன்பின் இன்னொரு நொதி அதை அசிட்டிக் அமிலமாக்கும். இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து எடுக்கும் வினாகிரியின் புளிப்பும் இதே வேலையின் பலன். அங்கே சொல்வதற்கு நிறைய இருக்கிறது, இன்னொரு நாள்.

அருமண் என்ற பெயர் நம்மை ஏமாற்றும். ‘அருமை’யானது ஒன்றும் இல்லை. பூமியின் மேலோட்டில் சீரியம் செம்பு அளவுக்கு இருக்கிறது. கரையாத கல்லாகக் கிடப்பதால்தான் அகப்படுவதில்லை. இதைக் கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. லாந்தனம், சீரியம், நியோடிமியம், கூடவே தோரியமும் உள்ள தாது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மினுமினுப்பதைக் கண்டுதான் அதன் மூலத்தைத் தேடிப் போனார். இன்று அங்கே மத்திய அரசின் அருமண் நிறுவனத்துக்கு ஆலை இருக்கிறது. மணல் எடுப்பதைச் சுற்றி மீனவ ஊர்களில் நடக்கும் போராட்டம் தனிக் கதை, அதை ஒரு வரியில் சொல்லி முடிப்பது நியாயமில்லை.

பாக்டீரியாவுக்குச் சுரங்கம் தோண்டத் தேவையில்லை. இலைமேல் படியும் தூசியிலும், வேரைச் சுற்றிய மண்ணிலும் அதற்குப் போதுமான அளவு இருக்கிறது. அதைப் பிடிக்கும் கருவிகளும் வைத்திருக்கிறது. இரும்பைப் பிடிப்பது போல லாந்தனைடைப் பிடிக்கும் மூலக்கூறுகளைச் சுரந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கோட்ருவோ குழு 2018-இல் ஏ.எம்.1-இல் லான்மாடுலின் என்ற புரதத்தைக் கண்டது. லாந்தனைடை அது பிடிக்கும் இறுக்கம் கால்சியத்தைப் பிடிப்பதைவிடக் கோடி மடங்குக்கும் மேல். அதை வைத்து, ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்க முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஓக் மரத்து மொட்டில் பிடித்த இன்னொரு பாக்டீரியாவின் லான்மாடுலின், காந்தம் செய்யும் நியோடிமியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் பிரித்துக் காட்டியது. வேதி ஆலையில் அமிலத்தையும் கரைப்பானையும் குடம் குடமாக ஊற்றிச் செய்யும் வேலை அது.

ஒருமுறை மனிதர்கள் இந்த நொதியின் குலத்தை நம்பித் தொழில் தொடங்கியும் பார்த்தார்கள். 1980 வாக்கில் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐ.சி.ஐ. நிறுவனம் பிரம்மாண்டமான நொதிக்கலன் கட்டி, மெத்தனாலில் பாக்டீரியா வளர்த்து, காயவைத்து, கால்நடைத் தீவனப் புரதமாக விற்றது. புரூட்டீன் என்று பெயர். பாக்டீரியா நன்றாகத்தான் வளர்ந்தது. மெத்தனால் விலை ஏறியது, சோயாவின் விலை ஏறவில்லை. நொதிக்கு எண்ணெய்ச் சந்தை தெரியாதே!

இப்போது ஆய்வகங்களில் மெத்தனால் ஊடகத்தில் ஒரு சிட்டிகை லாந்தனம் உப்பைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்பு வராமல் இருந்தவை வர ஆரம்பித்துவிட்டன. ஜப்பானில் குராஷிகியில் நெல் வேரைச் சுற்றிய மண்ணிலிருந்து பிடித்த ஒரு பாக்டீரியா, லாந்தனைடு இல்லாமல் மெத்தனாலில் வளரவே வளராது என்று 2018-இல் எழுதினார்கள். அதை அந்த ஊரின் பெயரிலேயே குராஷிகியென்சிஸ் என்று அழைக்கிறார்கள்.

எங்கள் செய்முறையை நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் தட்டில் லாந்தனம் யாரும் போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, பாடக்குறிப்பிலும் இல்லை. அவரை இலை உருவத்தில் வந்த இளஞ்சிவப்புப் புள்ளிகளைக் கண்டுதான் ‘இலைமேல் வாழ்பவர்கள் இவர்கள்’ என்று எழுதினோம். வந்தவை எல்லாம் கால்சிய அடுப்பு வைத்திருந்தவை. லாந்தனத்துக்காகக் காத்திருந்தவை அதே இலையில் இருந்திருந்தால், தட்டின் வெறும் இடத்தில் ஒரு புள்ளிகூட வைத்திருக்காது.